ஹால் ஆஃப் ஃபேமுக்குள் ஒருவர் எப்படி நுழைகிறார்?

லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில், வீரர்கள் உடைமாற்றும் அறைகளின் சுவரில் சில பலகைகள் இருக்கின்றன. அந்த மைதானத்தில் டெஸ்ட் சதம் அடித்தவர்கள், ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் ஏறும். 2002இல் அங்கே 109 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற அஜித் அகர்கரின் பெயர் அதில் உண்டு. சச்சின் டெண்டுல்கரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. பிரையன் லாராவின் பெயரும் கிடைக்காது. உலகமெங்கும் சதங்களாகக் குவித்த இருவருக்கும் லார்ட்ஸில் மட்டும் ஒரு டெஸ்ட் சதம் அமையவில்லை.

இப்போது ஐசிசி கிரிக்கெட் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலைப் பாருங்கள். சச்சின் இருக்கிறார், லாரா இருக்கிறார். அகர்கர் இல்லை.

லார்ட்ஸ் பலகை எண்களை மட்டும் பார்க்கிறது. நூறாவது ரன்னை ஓடி முடித்ததும் பெயர் உறுதி; அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். ஹால் ஆஃப் ஃபேமில் சிலர் கூடி, ஒருவருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதையும் எடைபோட்டு, இவர் இந்த விளையாட்டின் வரலாற்றில் நிலைக்க வேண்டியவர் என்று முடிவு சொல்கிறார்கள். மனிதர்கள் சொல்லும் தீர்ப்பு என்பதால்தான் ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் அத்தனை வாக்குவாதம் நடக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்ததே அந்த வாக்குவாதங்கள்தான். ஒரு விளையாட்டு எதை மதிக்கிறது, எதை மன்னிக்காது, யாரை நெடுநாள் மறந்திருந்தது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வருகிறது.

தமிழில் இதைப் புகழரங்கம் என்று எழுதுவோரும் உண்டு. அரங்கம் என்றதும் ஒரு கட்டடம் கண்முன் வரும். பல ஹால் ஆஃப் ஃபேம்களுக்கு உண்மையிலேயே கட்டடம் இருக்கிறது. உள்ளே சிலைகளும் பட்டயங்களும் பழைய மட்டைகளும் சட்டைகளும் இருக்கும். ஆனால் கட்டடம் கட்டாயம் இல்லை. 2009 ஜனவரியில் ஐசிசி தன் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய ஹால் ஆஃப் ஃபேம் அடிப்படையில் ஒரு பட்டியல்தான். வீரர் சங்கங்களின் கூட்டமைப்பு ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்த 55 பேரோடு அது தொடங்கியது. சுனில் கவாஸ்கர், பிஷன் சிங் பேடி, கபில் தேவ் மூவரும் அந்த முதல் 55 பேரிலேயே இருந்தார்கள்.

அந்த 55 பேரில் தென்னாப்பிரிக்காவின் பாரி ரிச்சர்ட்ஸும் ஒருவர். அவர் ஆடிய டெஸ்ட் போட்டிகள் மொத்தம் நான்கு! 1970இல் அந்த நான்கு டெஸ்டில் 508 ரன் எடுத்தார். அதன் பிறகு நிறவெறிக் கொள்கை காரணமாகத் தென்னாப்பிரிக்கா பன்னாட்டு கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டது. அவர் டெஸ்ட் வாழ்க்கை அங்கேயே நின்றுவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களும் அவரோடு ஆடியவர்களும் சேர்ந்து முடிவு செய்ததால்தான் வந்தது.

ஒரு பொய்க்கதையில் தொடங்கிய நினைவகம்

புகழ்பெற்றவர்களின் சிலைகளை ஓரிடத்தில் வரிசையாக வைக்கும் யோசனை விளையாட்டில் பிறந்ததல்ல. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1853இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு தூண் மண்டபத்துக்கு ‘ரூமெஸ்ஹாலெ’ என்று பெயர். புகழின் கூடம் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். பவேரியாவின் பெரிய மனிதர்களுக்கு அங்கே மார்பளவுச் சிலைகள் வைத்தார்கள். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகம் 1901இல் அமெரிக்கப் பெரியோருக்காக ஒரு திறந்தவெளித் தூண் வரிசையைத் திறந்தது. அதில் யார் இடம்பெறுவது என்பதை ஒரு தேர்வாளர் குழு வாக்களித்து முடிவு செய்தது. முதல் தேர்வில் 97 வாக்குகளில் 97ஐயும் பெற்றவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

சிலையோடு வாக்கும் சேர்ந்த இந்த முறையை விளையாட்டு உலகத்தில் வேரூன்ற வைத்தது பேஸ்பால். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்தைக்கூட எட்டாது. 1839இல் ஆப்னர் டபுள்டே என்பவர் அந்த ஊரில்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. அந்தக் காலத்தில் டபுள்டே ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் மாணவர். ஒரு முதியவரின் நினைவை மட்டும் நம்பி எழுதப்பட்ட அந்தக் கதையை இன்றைக்கு எந்த வரலாற்றாசிரியரும் ஏற்பதில்லை.

ஆனால் கதை பரவிவிட்டது. தையல் இயந்திரத் தொழிலில் வந்த பெரும் செல்வத்தின் வாரிசான ஸ்டீவன் கிளார்க் அந்த ஊர்க்காரர். பக்கத்தில் ஒரு பழைய பந்து கிடைத்தபோது அதை ஐந்து டாலருக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தார். பொருளாதாரச் சரிவில் இருந்த ஊருக்கு வெளியாட்களை வரவழைக்க அருங்காட்சியகம் உதவும் என்ற எண்ணமும் இருந்தது. 1936இல் முதல் வாக்கெடுப்பு நடந்தது. 1939 ஜூன் 12 அன்று கட்டடம் திறந்தது. தொடக்கக் கதை தவறாக இருந்தும், அங்கே பிறகு சேர்ந்த பொருள்களும் ஆவணங்களும் உண்மையானவை. இன்று அந்த விளையாட்டின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடமே அதுதான்.

பிறகு வந்த பல ஹால்களும் இடத்தை இப்படித்தான் தேர்ந்தன, ஆனால் சரியான காரணங்களோடு. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய ஸ்பிரிங்ஃபீல்டு நகரில்தான் அவர் பெயரிலான கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது. 1920இல் அமெரிக்கக் கால்பந்து லீக் உருவான கேன்டன் நகரில் அந்த ஆட்டத்தின் ஹால் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய டென்னிஸ் போட்டி 1881இல் முதன்முதலாக நடந்த நியூபோர்ட்டில் பன்னாட்டு டென்னிஸ் ஹால் இருக்கிறது.

யார் வாக்களிக்கிறார்கள், எத்தனை வாக்கு வேண்டும்

பேஸ்பால் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்தால் மற்றவை எளிதாகப் புரியும்.

குறைந்தது பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் பெயர் வாக்குச்சீட்டில் வரும். வாக்களிப்பவர்கள் பத்து ஆண்டுகளாவது பேஸ்பாலைப் பின்தொடர்ந்து எழுதிய பத்திரிகையாளர்கள். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர்களை டிக் செய்யலாம். வாக்களித்தவர்களில் 75 சதவீதத்தினரின் ஆதரவு கிடைத்தால் உள்ளே. 5 சதவீதம்கூட வராவிட்டால் அடுத்த ஆண்டு பெயர் இருக்காது. இடையில் நிற்பவர்கள் பத்து ஆண்டு வரை திரும்பத் திரும்ப முயலலாம். அதுவும் முடிந்துபோனால், பழைய ஆட்களை மறுபடி பார்க்கும் ஒரு சிறு குழுவின் கையில்தான் வாய்ப்பு.

75 சதவீதம் என்பது மிக உயர்ந்த வேலி. சாதாரணத் தேர்தலில் பாதிக்கு மேல் வந்தால் வெற்றி; இங்கே நான்கில் மூன்று பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். 1936இல் 226 பேர் வாக்களித்தார்கள். டை காப் 222 வாக்கு பெற்றார். அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான பேப் ரூத்துக்குக் கிடைத்தவை 215. பேப் ரூத்தையே 11 பேர் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்! 1982இல் ஹேங்க் ஆரன் வந்தபோது 9 பேர் அவர் பெயரை விட்டார்கள். ஒருவர்கூட விடாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டது 2019இல்தான் முதன்முதலாக நடந்தது. மரியானோ ரிவேராவுக்கு 425க்கு 425. மறு ஆண்டு டெரெக் ஜீட்டருக்கு 397இல் 396. அந்த ஒரே ஒருவர் யார் என்று பெரிய தேடலே நடந்தது.

இனி லாரி வாக்கர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் கதை. ஹால் ஆஃப் ஃபேம் என்பது என்ன என்று ஒரே ஓர் உதாரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2011இல் முதல்முறை வாக்குச்சீட்டில் வந்தபோது அவருக்குக் கிடைத்தது 20.3 சதவீதம். 2014இல் அது 10.2 ஆகக் குறைந்தது. 2020, கடைசி வாய்ப்பு. 76.6 சதவீதம்! வேண்டிய 298 வாக்குக்கு மேல் ஆறு கூடுதலாக வந்து உள்ளே போனார்.

அந்தப் பத்து ஆண்டில் அவர் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. எண்கள் அப்படியேதான் இருந்தன. மாறியவை இரண்டு. அவர் பல ஆண்டு ஆடிய டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். காற்று அடர்த்தி குறைவு, அடித்த பந்து தூரம் போகும். அதனால் அவர் சாதனைகளை வாக்காளர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மைதானத்தின் சாதகத்தைக் கழித்துவிட்டு ஒருவரை மதிப்பிடும் புதிய கணக்கு முறைகள் பரவிய பிறகு, கழித்தாலும் அவர் பெரிய ஆட்டக்காரர்தான் என்பது தெளிவானது. இன்னொன்று, நடுவில் சில ஆண்டுகள் வாக்குச்சீட்டில் பெரிய பெயர்கள் நெரிசலாக இருந்தன. பத்துப் பேருக்கு மேல் குறிக்க முடியாது என்பதால் பலர் அவரை விட்டிருந்தார்கள். நெரிசல் குறைந்ததும் அவருக்கு இடம் கிடைத்தது. பார்ப்பவரின் கண் மாறினால் ஒரு வீரரின் இடமும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மற்ற இடங்களில் முறை வேறு. டொராண்டோவில் உள்ள ஐஸ் ஹாக்கி ஹாலில் 18 பேர் கொண்ட குழு மூடிய அறைக்குள் பேசி முடிவு செய்யும். 14 வாக்கு வேண்டும். கூடைப்பந்தில் 24 பேர், 18 வாக்கு. அந்த 24 பேர் யார் என்பதே வெளியில் சொல்லப்படாது. ஐசிசியில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் முன்னாள் வீரர்கள், பத்திரிகையாளர்கள், நிர்வாகிகள் எனக் கலந்து வாக்களிக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், வாக்காளர் பெயரையும் காரணத்தையும் வெளியே சொல்லும் முறைதான் நல்லது. பேஸ்பால் பத்திரிகையாளர்களில் பலர் தாங்கள் யாருக்கு வாக்களித்தோம், ஏன் என்று தாங்களாகவே கட்டுரை எழுதுகிறார்கள். லாரி வாக்கரின் வாக்கு ஏறியதே அப்படி எழுதியும் விவாதித்தும்தான். மூடிய அறையில் அதற்கு இடமில்லை.

ஏன் காத்திருக்க வைக்கிறார்கள்

2018இல் ராகுல் திராவிட் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது, சச்சினுக்கு முன்னால் திராவிடா என்று பலர் கேட்டார்கள். பதில் காலண்டரில் இருக்கிறது. கடைசி பன்னாட்டுப் போட்டி முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. திராவிட் கடைசி டெஸ்ட் ஆடியது 2012 ஜனவரியில். சச்சின் ஆடியது 2013 நவம்பரில். ஐந்து ஆண்டு முடிந்து அடுத்து வந்த பட்டியலில், அதாவது 2019 ஜூலையில், சச்சின் உள்ளே வந்துவிட்டார். தோனியின் கடைசி ஆட்டம் 2019 ஜூலையில் நியூசிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதி. 2025 ஜூனில் அவர் பெயர் வந்தது. அவர் ஓய்வை அறிவித்தது 2020 ஆகஸ்டில் என்றாலும் கணக்கு கடைசி ஆட்டத்திலிருந்துதான்.

காத்திருப்பு விதிக்கு நல்ல காரணம் உண்டு. ஒருவர் விடைபெறும் நாளில் மைதானமே அழுகிறது. அந்தக் கண்ணீரின் நடுவில் கேட்டால் எல்லோரையும் மகத்தானவர் என்றுதான் சொல்வோம். சில ஆண்டு போகட்டும், அடுத்த தலைமுறை ஆடட்டும், அப்போதும் இவர் உயரமாகத் தெரிகிறாரா என்று பார்ப்போம் என்பதுதான் யோசனை.

சில நேரம் அந்த விதியைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவாவில் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் எடுத்துக்கொண்டு விமானத்தில் கிளம்பினார் பேஸ்பால் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளெமென்டே. விமானம் கடலில் விழுந்தது. பேஸ்பால் ஹால் ஐந்து ஆண்டு விதியைத் தள்ளிவைத்து, தனி வாக்கெடுப்பு நடத்தி, 1973லேயே அவரைச் சேர்த்துக்கொண்டது. ஐஸ் ஹாக்கியில் காத்திருப்பு மூன்று ஆண்டு. 1999இல் வேய்ன் கிரெட்ஸ்கிக்கு அதை விலக்கிக் கொடுத்தார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வினூ மன்கட் ஐசிசி ஹாலில் இடம்பெற்றது 2021இல். அவர் காலமானது 1978இல். இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து வரும் அழைப்பைக் குடும்பம்தான் ஏற்றுக்கொள்ள முடியும்.

ஆடியவர்கள் மட்டுமா?

இல்லை. பயிற்சியாளர்கள், நடுவர்கள், நிர்வாகிகள், ஒலிபரப்பாளர்கள், சில நேரம் ஆட்டத்தின் விதியையே மாற்றியவர்கள் வரை இடம் உண்டு. 2024 ஜூலையில் நியூபோர்ட்டில் நடந்த டென்னிஸ் விழாவில் லியாண்டர் பயஸும் விஜய் அமிர்தராஜும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள். ஆசியாவிலிருந்து அங்கே இடம்பெற்ற முதல் ஆண்கள் அவர்கள்தான். ஆனால் இருவரும் போன வழி வேறு. பயஸ் இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக 18 கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றவர். ஆட்டக்காரர் பிரிவில் போனார். அமிர்தராஜ், ஆட்டத்துக்குப் பங்களித்தவர்கள் பிரிவில். விம்பிள்டன் காலிறுதி வரை போன ஆட்டக்காரராக இருந்தும், வர்ணனையாளராகவும் ஆட்டத்தை வளர்த்தவராகவும் அவர் செய்ததைத்தான் தேர்வாளர்கள் முன்னே வைத்தார்கள்.

அந்த ஹாலை 1954இல் தொடங்கிய ஜிம்மி வான் ஆலன்தான், சமநிலையில் நிற்கும் செட்டைச் சீக்கிரம் முடிக்கும் டை பிரேக் முறைக்காகப் போராடியவரும். இன்று டென்னிஸ் பார்க்கும் யாரும் டை பிரேக் இல்லாத ஆட்டத்தைக் கற்பனை செய்யக் கஷ்டப்படுவார்கள். சக்கர நாற்காலி டென்னிஸை உருவாக்கி வளர்த்த பிராட் பார்க்ஸும் 2010இல் உள்ளே வந்தார். கூடைப்பந்து ஒரு படி மேலே போய் முழு அணிகளையே சேர்க்கிறது. 1992 ஒலிம்பிக்கில் ஆடிய அமெரிக்க ‘ட்ரீம் டீம்’ 2010இல் அணியாகவே நுழைந்தது.

நல்ல ஆட்டக்காரர், ஆனால்...

இங்கேதான் கடினமான கேள்விகள் வருகின்றன. பேஸ்பால் விதியில் ஒரு வரி இருக்கிறது: ஆட்டத் திறமையோடு நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பீட் ரோஸ் 4,256 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளத்தை அடைவது) அடித்தவர். வேறு யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. தான் மேலாளராக இருந்த அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1989இல் அவருக்கு நிரந்தரத் தடை விதித்தார்கள். தடைப் பட்டியலில் இருப்பவர் பெயர் வாக்குச்சீட்டில் வரக் கூடாது என்று 1991இல் ஹால் விதி போட்டது. அவர் 2024 செப்டம்பரில் இறந்தார். அப்படிப்பட்ட தடைகள் மரணத்தோடு முடிகின்றன என்று 2025 மே மாதம் பேஸ்பால் ஆணையர் அறிவித்தார். உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட அவர் பெயர் வாக்குச்சீட்டில் வரவில்லை.

பாரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்தவர். ரோஜர் கிளெமென்ஸ் பந்துவீச்சாளருக்கான உயர்ந்த விருதான சை யங் விருதை ஏழுமுறை வென்றவர். இருவர் பெயரும் வாக்குச்சீட்டில் வந்தது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு நிழலாகத் தொடர்ந்ததால் பத்தாவது, கடைசி ஆண்டான 2022இல் முறையே 66.0, 65.2 சதவீதத்தோடு நின்றார்கள்.

அமெரிக்கக் கால்பந்து ஹால் இதற்கு நேர் எதிர். அங்கே களத்தில் நடந்ததை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விதி. ஓ.ஜே. சிம்சன் 1985இல் சேர்ந்தார். பிறகு ஆயுதம் ஏந்திய கொள்ளை வழக்கில் 2008இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அவர் சிலை இன்றும் கேன்டனில் இருக்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஆலன் ஈகிள்சன் என்ற வீரர் சங்க முன்னாள் தலைவர் 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஹாலில் ஏற்கெனவே இருந்த பாபி ஓர் உள்ளிட்ட ஆட்டக்காரர்கள் அவர் இருந்தால் நாங்கள் வெளியேறுவோம் என்றார்கள். அவரே விலகினார்.

இரண்டு முறைகளில் எது சரி என்று கேட்டால், நான் பேஸ்பால் பக்கம் நிற்பேன், ஒரு நிபந்தனையோடு: ஆட்டத்தின் நேர்மையைக் கெடுத்த குற்றம் வேறு, தனி வாழ்க்கைக் குற்றம் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தன் ஆட்டத்தின் மீதே பந்தயம் கட்டுகிறவர், மைதானத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் ஏமாற்றுகிறார்.

தாமதமாகத் திறந்த கதவுகள்

1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை இருபதாம் நூற்றாண்டின் பெரிய பேஸ்பால் லீக்குகளில் கறுப்பினத்தவர் ஆட முடியவில்லை. தங்களுக்கென்று தனி லீக் நடத்தினார்கள். அவர்களுடைய சாதனைகள் ஹாலின் கணக்கில் வரவே இல்லை. 1966இல் டெட் வில்லியம்ஸ், தன்னைச் சேர்க்கும் மேடையில் பேசும்போது, அந்தத் தனி லீக்குகளில் ஆடிய சாட்செல் பேஜுக்கும் ஜோஷ் கிப்சனுக்கும் இங்கே இடம் வேண்டும் என்றார். தன் விழாவில் பிறருக்காகப் பேசினார். 1971இல் பேஜ் சேர்ந்தார். அப்போதும் முதலில் தனிப் பகுதியில் வைக்கத்தான் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மற்றவர்களோடு சமமாக வைத்தார்கள். 2006இல் அந்த லீக்குகளைச் சேர்ந்த 17 பேரை ஒரே நேரத்தில் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவரான அணி உரிமையாளர் எஃபா மான்லிதான் அந்த ஹாலின் முதல் பெண்.

ராபின்சன் 1962இல் சேர்ந்தார். தன்னை ஆட்டத்தை வைத்து மட்டுமே மதிப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார். அதனால் அவர் வெண்கலப் பட்டயத்தில் நிறத்தடையை உடைத்தது பற்றி ஒரு சொல்கூட இல்லை. 2008இல் அதையும் சேர்த்துப் புதிய பட்டயம் வைத்தார்கள். கிளெமென்டேயின் பட்டயத்திலும் ஒரு பிழை இருந்தது: தாய்வழிப் பெயர் கடைசியில் வரும் ஸ்பானிய வழக்கம் தெரியாமல் பெயரை மாற்றிப் பொறித்திருந்தார்கள். 2000இல் மறுபடி வார்த்துச் சரி செய்தார்கள். வெண்கலத்தில் எழுதியதையும் திருத்தலாம்.

பெண்கள் விஷயத்திலும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. ஐசிசியில் முதல் பெண் 2010இல் ரேச்சல் ஹேஹோ ஃப்ளின்ட். இந்தியப் பெண்களில் முதலாவதாக டயானா எடுல்ஜி 2023இல் வந்தார். அடுத்த ஆண்டு நீத்து டேவிட். ஐஸ் ஹாக்கியிலும் 2010இல்தான் ஆஞ்சலா ஜேம்ஸும் கேமி கிரனாட்டோவும் நுழைந்தார்கள்.

அழைப்பை எல்லோரும் ஏற்றுக்கொள்வதும் இல்லை. பில் ரசல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 11 முறை பட்டம் வென்றவர். 1975இல் கூடைப்பந்து ஹாலில் இடம்பெற்ற முதல் கறுப்பின ஆட்டக்காரராகும் வாய்ப்பு அவருக்கு வந்தது. விழாவுக்குப் போகவில்லை, மோதிரத்தையும் வாங்கவில்லை. தனக்கு முன்பே அந்த மரியாதை கிடைத்திருக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். அப்படிப்பட்டவர்களில் ஒருவர் சக் கூப்பர். 1950இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணி ஒன்று தேர்வில் எடுத்த முதல் கறுப்பின வீரர். கூப்பர் 1984இல் இறந்துவிட்டார். 2019 செப்டம்பரில் அவரை ஹாலில் சேர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், 85 வயதில், நண்பர்கள் சிலர் மட்டும் கூடியிருக்க, ரசல் தன் மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொண்டார்.